சுண்டங்குளத்து பஸ் சீக்கிரம் போன கதை

சுண்டங்குளத்துக்காரர்கள் முட்டாள்கள் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. யாரும் கேள்விப்பட்டுச் சொல்வதில்லை. எங்களோடு பழகிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்கள். நான் அந்த ஊர்க்காரன், போதாக்குறைக்கு ஊர் பஸ் கமிட்டியின் செயலாளர். சட்டைப் பையில் பேனா வைத்திருந்த ஒரே ஆள் என்று என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பேனாவில் மை இல்லை என்பது பல கூட்டங்களுக்குப் பிறகுதான் எனக்கே தெரிந்தது.

எங்கள் ஊருக்குக் காலையில் ஒரே ஒரு பஸ். டவுனிலிருந்து காலியாக வந்து, எங்கள் ஊரில் திரும்பி, எங்களை ஏற்றிக்கொண்டு போகும். வழியெல்லாம் வளைவும் பள்ளமும். டவுனுக்குப் போய்ச் சேர ஒன்பதே கால் ஆகிவிடும். எங்களுக்கு அதனால் ஒன்றும் குடி முழுகவில்லை, நாங்கள் டவுனில் போய்ச் செய்கிற வேலை அப்படி. ஆனால் கமிட்டித் தலைவர் வெயிலுமுத்து அண்ணாச்சியின் மகள் முப்பிடாதிக்கு அங்கே ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஒன்பது மணிக்கு ஆள் அங்கே இருக்க வேண்டும்.

ஒருநாள் சாயங்காலம் பிள்ளை அழுதுகொண்டே வந்தாள். "இனியும் லேட்டா வந்தா வேற ஆளைப் போட்டுக்கிடுதேன்னு ஓனரம்மா சொல்லிட்டாங்கப்பா."

எங்கள் ஊரிலேயே மாதச் சம்பளம் வாங்குகிற முதல் பிள்ளை அவள். விடுவோமா? டவுனுக்குப் போய், போக்குவரத்துத் திட்ட அதிகாரியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தோம்.

ஒல்லியான, பொறுமையான மனுஷன். வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு சொன்னார்: "போக்குவரத்துத் திட்டம் லேசுப்பட்ட விஷயம் இல்லைங்க. ஒரு இடத்துல நேரத்தை மிச்சம் பண்ணா, இன்னொரு இடத்துல யாரோ அந்த நேரத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும்."

புரிந்த மாதிரி தலையாட்டினோம். அதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது.

"முதல்ல, இறங்குறவங்க இறங்கின பிறகுதான் மத்தவங்க ஏறணும். அடுத்தது, பஸ் வரும்போது ரோட்டுல ஆளோ ஆடோ நிக்கக் கூடாது. முக்கியமா, பஸ் ஓடுற தூரத்தைக் குறைக்கணும். எப்படின்னு நானும் யோசிக்கிறேன், நீங்களும் யோசிங்க."

படித்த மனுஷர் ஒருவர் எங்களைப் பார்த்து யோசிக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. வெயிலுமுத்து அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை பஸ் வந்து நின்றது. நாங்கள் ஒதுங்கி நின்றோம். யாரும் இறங்கவில்லை. நாங்களும் ஏறவில்லை. கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"ஏறுங்கய்யா!"

"இறங்குறவங்க இறங்கட்டும்" என்றார் வெயிலுமுத்து அண்ணாச்சி.

"இறங்குறதுக்கு உள்ள ஆளே இல்லை!"

"அப்போ நாங்க எப்படிவே ஏற முடியும்?"

கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார். அவர் அடித்து முடிப்பதற்குள் முப்பிடாதி மட்டும் ஓடிப்போய் ஏறிவிட்டாள். வாக்குவாதத்தில் பஸ் இன்னும் தாமதம். பிள்ளைக்கு அன்றைக்கு நல்ல திட்டு.

அன்று மாலையே கமிட்டி கூடியது. "குறை என்னன்னா, நமக்கு இறங்குறதுக்கு ஒரு ஆள் இல்லை" என்றார் தலைவர். எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. வெட்டியாகச் சுற்றிக்கொண்டிருந்த இசக்கியப்பனை இறங்குகிறவராக நியமித்தோம். விடிவதற்கு முன்னாலேயே அவர் டவுனுக்கு நடந்து போய், காலி பஸ்ஸில் ஏறி வந்து, எங்கள் கண் முன்னால் இறங்க வேண்டும். ஊரில் அவருக்கு அதற்குப் பிறகு ஒரு மரியாதை வந்தது.

அடுத்து ரோட்டைச் சரிசெய்தோம். ஆடுகளையெல்லாம் கட்டிப்போட்டோம். பஸ் சத்தம் கேட்டதும் அத்தனை பேரும் உடைமரப் புதருக்குள் போய் உட்கார்ந்துகொண்டோம். முப்பிடாதி வரமாட்டேன் என்றாள், அப்பாதான் கையைப் பிடித்து இழுத்துப் போட்டார். பஸ் வந்தது. இசக்கியப்பன் இறங்கினார், ரோட்டில் நிற்கக் கூடாது என்பது நினைவுக்கு வந்து அவரும் புதருக்குள் பாய்ந்தார். டிரைவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

"பார்த்தியா தாயி? ஒரு தடங்கலும் இல்லை. இன்னைக்கு ஒன்பதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்திரும்" என்றார் அண்ணாச்சி பெருமையாக.

"அது போய்ச் சேர்ந்திரும்பா. நான் இங்கல்லா உக்காந்திருக்கேன்" என்றாள் முப்பிடாதி, தலையிலிருந்த முள்ளை எடுத்துக்கொண்டே.

அவள் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. மிச்சமிருந்தது ஒரே வழி, பஸ் ஓடுகிற தூரத்தைக் குறைப்பது. அதிகாரி இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார். நாங்கள் யோசித்தே முடித்துவிட்டோம்.

"ஊரைத் தூக்கி டவுன் பக்கத்துல வைக்க முடியாது" என்றார் பேச்சிமுத்து. அவர்தான் பொருளாளர், ஊரில் கைக்கடிகாரம் உள்ள ஆள்.

"டவுனைத் தூக்கி இங்க கொண்டுவந்தா?" என்று கேட்டேன்.

"அவங்க சம்மதிக்க மாட்டாங்க."

பிறகு வெயிலுமுத்து அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார்: "பஸ் ஸ்டாப்பைத் தூக்கினா?"

அப்படிக் கேட்பதற்கு ஒரு மண்டை வேண்டும். ஆளுக்கொரு கை போட்டுப் பேருந்து நிறுத்தக் கம்பத்தைப் பிடுங்கினோம். சுமந்துகொண்டு போய், டவுன் பாதையில் கண்மாய்க்கு அந்தப் பக்கம் நட்டோம். போர்டு இருக்கிற இடத்தில்தான் நிறுத்த வேண்டும் என்பது டிரைவருக்குச் சட்டம். மறுநாள் அங்கேயே வண்டியைத் திருப்பினார். பஸ் சீக்கிரமாகவே டவுனைத் தொட்டுவிட்டது.

ருசி கண்டுவிட்டோம். கம்பத்தைப் பிடுங்கிக் கல்குவாரியில் நட்டோம், அங்கிருந்து பிடுங்கி ரயில்வே கேட்டில் நட்டோம். ஒவ்வொரு தடவையும் பேச்சிமுத்து கடிகாரத்தைப் பார்த்து, பயணம் எவ்வளவு குறைந்தது என்று அறிவிப்பார், நாங்கள் கை தட்டுவோம். வியர்வை பட்டால் கெட்டுப்போகும் என்று நடக்கும்போது அவர் கடிகாரத்தை மடியில் முடிந்து வைத்துக்கொள்வார். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் எடுத்துக் கட்டுவார்.

"ஸ்டாப்புக்கு நடக்கிற நேரம் கணக்குல வராதா மாமா?" என்று முப்பிடாதி கேட்டாள்.

"நடக்கிறது நம்ம காலு, தாயி. பஸ் நேரத்துல அதை எப்படிச் சேர்க்க முடியும்?"

டீசல் மிச்சம் பிடித்ததற்காக எங்கள் டிரைவருக்கு டெப்போவில் மாலை போட்டார்களாம். ஆக, அங்கேயும் எங்கள் ஊர்க்காரர் யாரோ இருக்கிறார் போல.

கடைசியில் கம்பத்தை டவுன் பஸ் ஸ்டாண்டுக்குள்ளேயே நட்டுவிட்டோம். இப்போது கோழி கூவும்போதே ஊரே கிளம்பி டவுனுக்கு நடக்கிறோம். எங்கள் பஸ் அங்கே தயாராக நிற்கும். முதலில் இசக்கியப்பன் ஏறி இறங்குவார். பிறகு நாங்கள் முன்படியில் ஏறி, டிக்கெட் வாங்கி, பின்படியில் இறங்குவோம். சக்கரம் உருள்வதே இல்லை. சாயங்காலம் பின்படியில் ஏறி முன்படியில் இறங்கிவிட்டு வீட்டுக்கு நடப்போம். திரும்பும்போது திசை மாறத்தானே வேண்டும்.

முப்பிடாதி அதற்குப் பிறகு ஒருநாளும் தாமதமாகப் போகவில்லை. முதல் ஆளாகப் போய் வாசலில் நிற்கிறாள் என்று ஓனரம்மா நிலையத்துச் சாவியையே அவளிடம் கொடுத்துவிட்டார்கள். சந்தோஷத்தில் நாங்கள் ஊரில் மைக் செட் கட்டினோம். பிள்ளைதான் பாட்டு ஆரம்பிப்பதற்குள் கால் வலியோடு தூங்கிவிட்டாள்.

போன வாரம் திட்ட அதிகாரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். எங்கள் ஊர் வழியில் தூரத்தைக் குறைக்கப் புதுப் பாலம் ஒன்றின் வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார். நாங்கள் ஏறி இறங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். வரைபடத்தை விரிக்கவில்லை.

"இன்னும் ஏதாவது குறை இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"எல்லாம் சௌக்கியம் சார். ஒரே ஒரு குறைதான்" என்றார் வெயிலுமுத்து அண்ணாச்சி. "இன்னைக்கு எம்மக கோவத்துல பஸ்ஸுல ஏறாம, அதுக்கு வெளிப்பக்கமாவே நடந்து போயிட்டா. பார்த்தா, உள்ள வந்த நாங்க இறங்குறதுக்கு முன்னாடியே பின்படியைத் தாண்டிட்டா. அப்படின்னா பஸ்ஸுக்கு இன்னும் வேகம் பத்தலைன்னுதானே அர்த்தம்?"

"அதுக்கு என்ன பண்ணலாம்னு சொல்றீங்க?"

"முன்படிக்கும் பின்படிக்கும் நடுவுல தூரம் ரொம்ப அதிகம் சார். எங்களுக்குப் பாதி பஸ் போதும்" என்றார் அண்ணாச்சி. "மிச்சப் பாதியைப் பக்கத்து ஊருக்குக் கொடுத்திருங்க. பாவம், அவங்க பஸ் இல்லாமக் கிடக்காங்க."