ஏற்றத்தில் கேட்ட கேள்வி

நொச்சிமலையில் ஒரு வழக்கம் இருந்தது. குருவிடம் கேள்வி கேட்பதானால் மலை ஏறும்போதுதான் கேட்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது கேட்டால் சிரிப்பார். இறங்கும்போது கேட்டால் காது கேளாதவர் போல நடப்பார்.

இதற்குக் காரணம் என்ன என்று வந்துபோனவர்கள் பலவிதமாக விளக்கியிருக்கிறார்கள். ஒருவர் எழுபது பாட்டில் ஒரு நூலே செய்தார். குருவிடமே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். ஆனால் அதையும் ஏறும்போதுதான் கேட்க வேண்டும். நூல் செய்தவர் பருத்த உடம்புக்காரர்.

குருவின் பெயர் மெய்யம்மை. நாற்பது வயது. பத்து வருஷத்துக்கு முன்புவரை அதே மலையில் விறகு சுமந்தவர். அடிவாரத்தில் ஒரு சுனை இருந்தது. அதன் கரையில் வெளியூர்க்காரர்கள் தங்க ஒரு கல்மண்டபம். சமையற்கட்டு மட்டும் உச்சியில். ஆகவே ஞானம் வேண்டாதவர்களும் கஞ்சிக்காகத் தினமும் முன்னூற்றுப் பன்னிரண்டு படி ஏறியாக வேண்டும். விடிந்ததும் மெய்யம்மை இறங்கி வருவார். குளித்துவிட்டு, ஒரு குடம் தண்ணீர் எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறுவார். கேட்க விரும்புகிறவர்கள் கூடப் போகலாம்.

ஓர் ஆனி மாதம் அங்கே ஆவுடையப்பர் வந்து சேர்ந்தார். அவருக்கு அறுபத்தோரு வயது. மடம் ஒன்றில் முப்பத்து மூன்று வருஷம் பாடம் சொன்னவர். அத்தனை வருஷமும் ஒரே மணைப்பலகையில் உட்கார்ந்தே சொன்னார். பலகை தேய்ந்து அவர் உட்காரும் வடிவத்துக்கு வந்துவிட்டது. அவரும் ஏறக்குறைய பலகையின் வடிவத்துக்கு வந்திருந்தார்.

அதற்கு முந்திய ஐப்பசியில் அவர் மனைவி உலகம்மை இறந்துபோனார். அதற்குப் பிறகு ஆவுடையப்பர் பாடம் சொல்லவில்லை. பலகையை விட்டு எழவும் இல்லை. தூக்கம் போயிற்று, பசி போயிற்று. எட்டு மாதம் பொறுத்துப் பார்த்த மாணாக்கர்கள் அவரை ஒரு வண்டியில் ஏற்றி, சுவடிகளையும் ஏற்றி, நொச்சிமலை அடிவாரத்தில் இறக்கிவிட்டுப் போனார்கள்.

படித்தவர் சும்மா துயரப்படமாட்டார். ஆவுடையப்பர் தம் துயரத்துக்குப் பதினெட்டு அடையாளங்கள் கண்டு, ஒரு சுவடியில் வரிசையாகக் குறித்து வைத்திருந்தார். அவற்றிலிருந்து ஒரு கேள்வியும் செய்திருந்தார். துயரம் உடலில் பிறந்து மனத்துக்குப் போகிறதா, மனத்தில் பிறந்து உடலுக்கு வருகிறதா என்று அது தொடங்கும். உடம்பில் ஓடுகிற பத்து வாயுக்களில் இதற்குப் பொறுப்பு எது என்று கிளை பிரியும். பதினெட்டுக் கிளையும் சுற்றி வந்து கடைசியில் ஒரே இடத்தில் நிற்கும்: இந்தக் கனம் எப்போது இறங்கும்?

அவருக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அதைக் கேட்கக் கூச்சப்பட்டுச் சேர்த்துக்கொண்டவை.

முதல் நாள் குருவின் பின்னால் ஏறினார்.

"துயரம் என்று உலகத்தில் சொல்லப்படுவது," என்று தொடங்கினார்.

ஒன்பதாம் படியில், "சொல்லப்படுவது," என்றார்.

இருபத்து மூன்றாம் படியில் உட்கார்ந்துவிட்டார்.

மெய்யம்மை மேலேயிருந்து திரும்பிப் பார்த்தார். "மூச்சை விடுங்க, ஐயா. கேள்வியை நாளைக்கு விடலாம்."

அன்று பகல் முழுவதும் ஆவுடையப்பர் யோசித்தார். ஏறும்போது கேட்க வேண்டும் என்பதுதான் வழக்கம். யாருடைய கால்களால் ஏற வேண்டும் என்று வழக்கத்தில் எங்கும் சொல்லவில்லை. இந்த நுட்பம் இத்தனை வருஷமாக ஒருவர் கண்ணிலும் படாதது அவருக்கு வியப்பாக இருந்தது.

மறுநாள் டோலியில் வந்தார். சுடலையும் அவன் மைத்துனன் பேச்சிமுத்துவும் தூக்கினார்கள். உச்சிக்கு அரிசி மூட்டை தூக்குகிறவர்கள் அவர்கள்தான்.

"மூட்டைன்னா பேசாது," என்றான் பின்னால் வந்த பேச்சிமுத்து.

"மெள்ளச் சொல்லு. ஐயாவுக்குக் காது இருக்கு," என்றான் சுடலை.

"கனத்தைப் பாத்தா எல்லாமே ரெண்டு ரெண்டு இருக்கும் போல."

இருவரும் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். ஆவுடையப்பர் அதைப் பொருட்படுத்தவில்லை. கால்மேல் கால் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்காமல், கேள்வியைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை அழகாகக் கேட்டார். கேட்டு முடித்தபோது எழுபதாம் படி வந்திருந்தது.

மெய்யம்மை குடத்தோடு ஏறிக்கொண்டே இருந்தார்.

"அம்மா, கேட்டுவிட்டேன்," என்றார் ஆவுடையப்பர்.

"நீங்க ஏறலையே. ஏறுறவங்க கேட்கட்டும்."

பிறகு சுடலை, "அம்மா, நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றான்.

"கேளு."

"ஐயாவை இங்கேயே இறக்கி வச்சிரலாமா?"

"வைக்கலாம்," என்றார் குரு.

எழுபதாம் படியிலிருந்து உச்சி இருநூற்று நாற்பத்திரண்டு படி. ஆவுடையப்பர் அன்று அவற்றை ஏறி முடித்தபோது காலைக் கஞ்சி தீர்ந்து மத்தியானக் கஞ்சி வெந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு தினமும் ஏறினார். கேள்வி மெலியத் தொடங்கியது. மூச்சுக்குத் தக்கபடி கிளைகளை வெட்ட வேண்டியிருந்தது. உடலா மனமா என்பது முப்பதாம் படியில் உதிர்ந்தது. பத்து வாயுக்களைக் கைவிட்டபோது கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வாயு.

ஒரு மாதத்தில் உச்சிவரை உட்காராமல் ஏறினார். ஆனால் அங்கே போய்ச் சேரும்போது கேட்க ஏதும் மிஞ்சியிருப்பதில்லை. வியர்வை ஆறும்வரை கல்லில் உட்கார்ந்து, கீழே வெயில் பரவுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டாவது முறையும் கஞ்சி வாங்கிக் குடித்தார். ராத்திரி படுத்தது தெரியும், விடிந்தது தெரியும், நடுவில் நடந்தது தெரியாது. சுவடியைப் பிரித்து, பசியின்மை என்ற ஒன்பதாம் அடையாளத்தை அடித்தார். தூக்கமின்மையை அடித்தார். நெஞ்சில் கல் வைத்தது போன்ற கனம் என்ற முதல் அடையாளத்தின் மேல் எழுத்தாணியைக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, அடிக்காமல் சுவடியைக் கட்டினார்.

ஆவணியில் ஒருநாள் காலை. மலைப்பாதை திரும்புகிற இடத்தில் ஒரு கௌதாரி தன் குஞ்சுகளோடு படியைக் கடந்தது. கடைசிக் குஞ்சு தடுக்கி மல்லாந்து விழுந்தது. எழுந்து, உதறிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல, ஊர்ப் பெரிய மனிதர் நடையில் போயிற்று.

ஆவுடையப்பர் சிரித்தார். வாய்விட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். மெய்யம்மை திரும்பிப் பார்த்தார். பின்னால் விறகுக் கட்டோடு வந்த சுடலை நின்றான்.

சிரிப்பு பாதியில் நின்றது. ஆவுடையப்பரின் முகம் வெளுத்தது. திரும்பி, வந்த படிகளில் இறங்கிப் போனார்.

அன்றிலிருந்து மண்டபத்தை விட்டு எழவில்லை. தூணில் சாய்ந்து, கால்களை மடக்கி, பழைய பலகையில் இருந்ததுபோல உட்கார்ந்துகொண்டார். சுடலை மேலேயிருந்து கஞ்சி கொண்டுவந்து வைத்தான்.

"ஐயாவுக்குக் கால் நோவா?"

"இல்லை."

"வயிறு?"

"இல்லை."

"பின்னே என்னதான் நோவு?"

"நோவு இல்லாததுதான் நோவு, சுடலை."

சுடலை தலையைச் சொறிந்தான். "இதுக்கு நான் எந்த வைத்தியரைக் கூட்டியாரது?"

மூன்று நாளில் எல்லாம் திரும்பி வந்தது. முதலில் பசி நின்றது. பிறகு தூக்கம். மூன்றாம் நாள் பகலில் நெஞ்சில் அந்தக் கல்லும் வந்து உட்கார்ந்தது. ஆவுடையப்பர் அதைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டார். காணாமல்போன மாடு தானே வீடு திரும்பியதுபோல ஓர் ஆறுதல்.

நான்காம் நாள் காலை மெய்யம்மை குளித்துவிட்டு வந்து, வெறுங்குடத்தைப் பக்கத்தில் வைத்து, மண்டபத்து விளிம்பில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேட்கலாமா, ஐயா?"

"உட்கார்ந்து கேட்கக் கூடாது என்பதல்லவா இங்கே வழக்கம்?"

"அது என்கிட்ட கேட்கிறவங்களுக்கு."

ஆவுடையப்பர் இதில் ஓட்டை தேடினார். கிடைக்கவில்லை.

"கேளுங்கள்."

"என்ன ஆச்சு?"

"சிரித்துவிட்டேன்."

"பார்த்தேன். நல்ல சிரிப்பு."

"சுனையிலிருந்து அந்தத் திருப்பம்வரை நூற்று நாற்பது படி, அம்மா. அவ்வளவு தூரமும் அவள் இறந்தது என் நினைவில் இல்லை. இந்தப் பத்து மாதத்தில் அப்படி ஒரு கணமும் இருந்ததில்லை."

"கனம் இறங்கணும்னுதானே வந்தீங்க?"

"அப்படித்தான் வந்தேன். இறங்குகிறது. தினமும் கொஞ்சம் இறங்குகிறது. ஏறினால் உடம்பு சந்தோஷப்படுகிறது, என்னைக் கேட்காமலே சந்தோஷப்படுகிறது." அவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "அவளுடையது என்று என்னிடம் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். இதையும் மலையில் கொட்டிவிட்டு நான் எதை எடுத்துக்கொண்டு ஊர் திரும்புவது?"

மெய்யம்மை சுனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சிரிச்சீங்களே, சிரிச்சதும் ஏன் பக்கத்துல திரும்பினீங்க?" என்றார்.

"திரும்பினேனா?"

"நான் முன்னால் போய்க்கிட்டிருந்தேன். சுடலை பின்னால் வந்தான். எங்க ரெண்டு பேரையும் நீங்க பார்க்கலை. இடது பக்கம் திரும்பி, குஞ்சைக் காட்டிக் கையை நீட்டினீங்க."

ஆவுடையப்பர் தம் கையைப் பார்த்தார். முதலில் நினைவு வரவில்லை. பிறகு வந்தது.

"யாருக்குக் காட்டினீங்க, ஐயா?"

பேசியபோது, மடத்துத் தமிழ் அவர் குரலிலிருந்து போயிருந்தது.

"சாயங்காலமானா ஆத்தங்கரைக்கு நடந்துட்டு வருவா. வாசல்ல நின்னு கூப்பிடுவா. 'கொஞ்ச தூரந்தான், வாங்களேன்.' இந்த ஏட்டை முடிச்சிட்டு வர்றேம்பேன். திரும்பி வந்து பார்த்ததையெல்லாம் சொல்லுவா. நீர்க்காகம் சிறகை விரிச்சு வெயில்ல காயப்போட்டிருந்துச்சுன்னு சொல்லுவா. மணல்ல நண்டு எழுதின கோலத்தைச் சொல்லுவா. நான் சுவடியிலிருந்து தலையைத் தூக்காம ம் கொட்டுவேன். முப்பத்து மூணு வருஷம். ஒருநாளும் கூடப் போகலை. ஏடு முடியலை."

சுனைநீர் கல்லிடுக்கில் சொட்டிக்கொண்டிருந்தது.

"இப்ப நடக்கிறேன். எனக்கு நடக்க வருதுன்னு இப்பத்தான் தெரியுது. நடந்தா இவ்வளவு நல்லாருக்கும்னும் இப்பத்தான் தெரியுது. இதுக்குத்தான் அவ கூப்பிட்டிருக்கா. அம்மா, இனிமே…"

"அதை இங்கே கேட்காதீங்க," என்றார் மெய்யம்மை.

எழுந்து குடத்தை நிறைத்தார். இடுப்பில் ஏற்றிக்கொண்டு படியில் கால் வைத்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

ஆவுடையப்பர் தூணைப் பிடித்தபடி நின்றார். குரு ஐந்து படி ஏறினார். பத்து ஏறினார். அவர் குடத்திலிருந்து தளும்பிய நீர் படிகளில் இருட்டுப் புள்ளிகளாக விழுந்து உலர்ந்துகொண்டு வந்தது. பதினைந்தாம் படி ஈரம் காய்வதற்குள் ஆவுடையப்பர் ஏறத் தொடங்கியிருந்தார்.

மூன்று நாள் மடங்கிக் கிடந்த கால்கள் முதலில் இடக்கு செய்தன. பிறகு இணங்கின. வெயில் முதுகில் விழுந்தது. வியர்த்தது. மூச்சு ஆழத்துக்குப் போய்த் திரும்பியது. நெஞ்சில் இருந்த கல் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் அசைந்தது. அவர் அதைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார். ஏறுகிறவனால் அது முடியவில்லை.

நூறாம் படியில் கேள்வி வந்தது. இப்போது அதில் கிளை ஒன்றும் இல்லை.

"அம்மா."

மெய்யம்மை நடந்துகொண்டே காது கொடுத்தார்.

"அவளோட…" நாலு படி ஏறினார். "ஒரு நாளாவது…" மூச்சு வாங்கியது. இன்னும் இரண்டு படி. "கூட நடக்க…"

அதற்கு மேல் வரவில்லை.

மெய்யம்மை நிற்கவில்லை, திரும்பவும் இல்லை. குடத்தை இடுப்பில் கொஞ்சம் உயர்த்தி வைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் வலது பக்கமா ஒதுங்கி ஏறுங்க, ஐயா. நீங்க நட்டநடுவிலே ஏறினா அவங்க எங்கே கால் வைப்பாங்க?"