சோளங்குடியைச் சுற்றிய அலமாரி

கடவுள் மூளையைப் பங்கு வைத்த அன்று சோளங்குடிக்காரர்கள் மொத்தமாகக் கறிவிருந்துக்குப் போயிருந்தார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லுவார்கள். அது அநியாயமான பேச்சு. அவர்களும் வரிசையில் நின்று வாங்கியவர்கள்தான். வாங்கியதை வீட்டுக்கு எடுத்துப் போகணும் என்று யாரும் சொல்லாததால் அங்கேயே வைத்துவிட்டு வந்தார்கள்.

சோளங்குடி என்பது மூன்று சிற்றூர்கள். வடக்கூர், நடுவூர், தெற்கூர். நடுவூரில் ஆவுடையப்பன் என்று ஒருவர் இருந்தார். ஐந்தாம் வகுப்பு வரை போனவர். மற்றவர்கள் அதுவும் போகாததால் தன்னை மேதை என்று நினைத்திருந்தார். ஊரும் மறுக்கவில்லை. மறுப்பதற்கு ஏதாவது தெரிந்திருக்க வேண்டுமே.

ஒருநாள் நூலக அதிகாரி திலகவதி ஜீப்பில் வந்து, இருநூறு புத்தகங்களோடு ஒரு மர அலமாரியை நடுவூரில் இறக்கினார். ஊருக்கு ஒரு நூலகம் தருகிற அளவுக்கு அங்கே ஜனம் இல்லை. ஒன்றை மூன்று ஊரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. ஆவுடையப்பனைக் குழுத் தலைவராகப் போட்டு, வடக்கூர் காத்தமுத்துவையும் தெற்கூர் சின்னாண்டியையும் துணைக்குச் சேர்த்தார்.

"அய்யா, இது ஒரே ஊர்ல முடங்கிக் கிடக்கக் கூடாது. மூணு ஊரையும் சுத்தி வரணும். படிச்சவங்க திருப்பிக் குடுத்துடணும். ஒரு மாசம் கழிச்சு வருவேன். சரியா நடக்கலைன்னா வேற ஊருக்கு எடுத்துட்டுப் போயிடுவேன்."

ஆவுடையப்பன் அலமாரியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மகள் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயருக்குக் கீழே 'நூலகக் குழுத் தலைவர்' என்று போட வேண்டும் எனத் தலைவரான நிமிஷமே முடிவு செய்திருந்தார். அலமாரி போனால் வெறும் ஆவுடையப்பன்தான்.

ஜீப் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் குழு கூடியது.

"சுத்தி வரணும்னாங்களே, வலமாவா, இடமாவா?" என்று காத்தமுத்து கேட்டார்.

"சாமி எப்படி வருது? வலமாத்தான்," என்றார் ஆவுடையப்பன்.

"ஊருக்குள்ள போகலாமா, தலைவரே?" இது சின்னாண்டி.

ஆவுடையப்பன் கண்ணை மூடி யோசித்தார். "உள்ள போனா அதுக்குப் பேரு உள்ள வர்றது. சுத்தி வர்றதுன்னா வெளியில மட்டும்தான்."

இப்படி ஒரு தலை தங்களுக்கு வாய்த்ததை எண்ணிச் சின்னாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

அலமாரியை மாட்டு வண்டியில் ஏற்றிக் கயிற்றால் கட்டினார்கள். மூன்று ஊர் எல்லையும் சேர்த்து ஒரு சுற்று பத்து கிலோமீட்டர் வந்தது. முடங்கக் கூடாது என்பதால் வண்டி நிற்கவே இல்லை. மாடு களைத்தால், வேறு மாட்டைக் கூடவே ஓட்டிவந்து, நடக்கிறபோதே மாற்றிப் பூட்டினார்கள். புத்தகம் வேண்டுமென்றால் வரப்பைத் தாண்டி ஓடிவந்து, வண்டியோடு நடந்துகொண்டே கேட்கணும். மேலே உட்கார்ந்திருக்கும் சின்னாண்டி கைக்குச் சிக்கியதை எடுத்து எறிவார். கோலப் புத்தகம் கேட்ட ஒருத்திக்குக் கோள்களைப் பற்றிய புத்தகம் வந்து விழுந்தது. நிறையப் புள்ளி இருந்ததால் அவளும் திருப்தியாகப் போனாள்.

இருபதே நாளில் அலமாரி காலி. ஒரு புத்தகமும் திரும்பி வரவில்லை. ஆவுடையப்பன் பதறிப்போய்த் தெற்கூருக்கு நடந்தார். முதல் வீடு ஆடு வளர்க்கிற பொன்னுருவியினுடையது.

"நான் எதுக்குண்ணே திருப்பிக் குடுக்கணும்? படிச்சவங்கதான் குடுக்கணும்னு அந்தம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க. நான் பள்ளிக்கூட வாசலையே மிதிச்சதில்ல."

"அப்ப யாருதான் குடுக்கறது?"

"மூணு ஊருக்கும் படிச்சவரு நீங்க ஒருத்தர்தான். நீங்கதான் குடுக்கணும்."

ஆவுடையப்பன் கணக்குப் போட்டார். நானும் படிக்காதவன்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் கால் தப்பித்துவிடும். ஆனால் படித்தவர் என்கிற பெயர் போய்விடும். காலைவிடப் பெயரே பெரிதாகப் பட்டது. தோளில் சாக்கைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் புத்தகம் பொறுக்கக் கிளம்பினார். பொன்னுருவி தந்த கால்நடை வைத்தியப் புத்தகத்தைப் புரட்டியவர் திடுக்கிட்டார்.

"இதுல பதினோராம் பக்கத்தக் காணோமே?"

"ஆட்டுக்குக் கழிச்சல்ணே. மருந்து அந்தப் பக்கத்துலதான் இருக்குன்னாங்க. கிழிச்சுத் தின்னக் குடுத்தேன்."

"கேட்டுச்சா?"

"கேக்குதுண்ணே. இன்னொரு பக்கம் குடுன்னு கேக்குது."

எட்டு நாள் அலைந்து எல்லாப் புத்தகத்தையும் சேர்த்தார். மூச்சிரைக்க வண்டியை எட்டிப் பிடித்து முதல் புத்தகத்தை நீட்டினார். வண்டி ஓட்டிவந்த காத்தமுத்து வாங்க மறுத்துவிட்டார்.

"நேரா நீட்டறீங்க, தலைவரே. திருப்பிக் குடுக்கணும்."

எல்லாம் தன் விதி என்று ஆவுடையப்பன் இருநூறு புத்தகங்களையும் ஒவ்வொன்றாகத் தலைகீழாகத் திருப்பி, வண்டியோடு நடந்தபடியே கொடுத்து முடித்தார். அதற்குள் ஊரை ஒரு சுற்று சுற்றியாகிவிட்டது.

சொன்ன நாளில் திலகவதி வந்தார். வண்டியைத் தேடிப் பிடித்து, அதன் கூடவே நடந்து, தலைகீழாக நிற்கிற இருநூறு புத்தகங்களையும் பார்த்தார். மாதம் முழுக்க நடந்ததை ஆவுடையப்பன் பெருமையாக விவரித்தார்.

"முதல்ல வண்டிய நிறுத்துங்கய்யா," என்றார் திலகவதி.

"நிறுத்தினா முடங்கிடும்மா."

அந்த அம்மா இன்னும் ஒரு கிலோமீட்டர் வண்டியோடு நடந்தார். பிறகு கையெடுத்துக் கும்பிட்டார்.

"அய்யா, இத ஏதாவது ஒரு இடத்துல இறக்கி வைங்க. நீங்க தூக்கிட்டு அலைய வேண்டாம். ஜனங்கதான் இதத் தேடி வரணும். இன்னும் ஒரு மாசம் தர்றேன். தேடி வர்றாங்களான்னு எனக்கு எழுதுங்க."

ஜீப் போனதும் குழு மறுபடி கூடியது.

"எங்க இருக்குன்னு தெரிஞ்ச பொருள எவன் தேடுவான்?" என்றார் காத்தமுத்து.

"அப்ப ஒளிச்சு வைக்கணும்," என்றார் சின்னாண்டி.

"ஒளிச்சு வச்ச நமக்கு இடம் தெரிஞ்சுடுமே," என்று ஆவுடையப்பன் கவலைப்பட்டார். "நாமளும் ஜனந்தானே? நமக்கு மட்டும் தெரிஞ்சா அது மோசடி."

மறுநாள் உச்சிவேளையில் மூன்று பேரும் துண்டால் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார்கள். மாட்டின் கண்ணையும் கட்டலாமா என்று காத்தமுத்து கேட்டதற்கு, மாடு புத்தகம் எடுக்க வராது, தேவையில்லை என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். மாடு போன போக்கில் போய், அது நின்ற இடத்தில் அலமாரியை இறக்கினார்கள். தடவித் தடவித் தழையை வெட்டிப் போட்டு மூடினார்கள். மாடே வீட்டுக்கும் கூட்டி வந்தது.

அடுத்த மாதம் திலகவதி அம்மாளுக்கு ஒரு கடிதம் வந்தது.

'மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, ஆவுடையப்பன் எழுதிக்கொண்டது. தாங்கள் சொன்னபடியே ஜனங்கள் காலை முதல் மாலை வரை நூலகத்தைத் தேடி வருகிறார்கள். வடக்கூர்க்காரர்கள் இரண்டு கிணறுகளை இறைத்தே பார்த்துவிட்டார்கள். நேற்றிலிருந்து பக்கத்து ஊர்க்காரர்களும் தேடி வருகிறார்கள். இந்தக் கூட்டத்துக்கு ஒரு அலமாரி காணாது. ஆகவே தேடுவதற்கு இன்னொன்று அனுப்பி வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'