நூல் விட்ட பியர்

"ரீச்சர், இதைக் கீழை ஊத்திப் போடவோ?"

நவரத்தினம் சின்னப் போத்தல் ஒன்றை மேசையில் வைத்தார்.

சாம்பவி அதைச் சரித்துப் பார்த்தாள். உள்ளே இருந்த பியர் தண்ணீர் போல ஓடவில்லை. ஊசிப்போன வடை மாதிரி நூல் விட்டு, மெல்ல இறங்கியது.

அவர் அறுபதைத் தாண்டியவர். அவள் நாற்பதைத் தொடாதவள். கனடாவின் ஸ்காபரோவில் தன் வீட்டுக் கராஜில் புளிப்பு பியர் செய்து, கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுத்தாள். அதனால் அவளை அவர் ரீச்சர் என்றே கூப்பிட்டார்.

சாதாரண பியரை ஒரே ஈஸ்ட் சில கிழமைகளில் முடித்துவிடும். இது அப்படியில்லை. நாலைந்து வகை ஈஸ்டும், பாலைத் தயிராக்குகிற மாதிரிக் கிருமிகளும் ஒரே சாடிக்குள் குடியிருக்கும். ஒன்று ஓய, மற்றது தொடங்கும். எத்தனை மாதம் என்று எல்லோரும் அவளைக் கேட்பார்கள். ஒருவருக்கும் அவள் கணக்குச் சொன்னதில்லை.

"ஆர் ஊத்தச் சொன்னது?"

"குலசிங்கம்."

நவரத்தினமும் குலசிங்கமும் ஒரே பனிக்காலத்தில் இந்த நாட்டுக்கு வந்தவர்கள். வேலையிலிருந்து ஓய்ந்ததும் நவரத்தினத்தின் பேஸ்மென்ட்டில் சேர்ந்து பியர்ச் சாடி வைத்தார்கள். கோடையில் அது நூல் விட்டது.

"பழுதாப் போச்சு, ஊத்து" என்றார் குலசிங்கம்.

"ஊத்த மாட்டன்."

"நீ ஒண்டையும் விடமாட்டாய். உன்ர வீடு முழுக்கப் பழுதானதுதான் கிடக்கு."

"உனக்கெண்டு ஒரு வீடு இருந்தால் நீ ஏன் இஞ்சை வாறாய்?"

மனைவி பிரிந்துபோனதிலிருந்து வாடகை அறையில் இருக்கிறவர் குலசிங்கம். அவர் காலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார். இருப்பது இரண்டு தெரு தள்ளித்தான். பிறகு வரவில்லை.

சாம்பவி போத்தலை மூடினாள்.

"இதுக்கு இப்ப வருத்தம், அண்ணை, சுகமில்லை. புளிக்க வைக்கிற கிருமி ஒண்டு இப்பிடி நூல் விடும். பிறகு கூட இருக்கிற ஈஸ்ட் அந்த நூலைத் தின்னும்."

"என்ன மருந்து போடுறது?"

"மூடியைத் திறவாமல் இருக்கிறதுதான் மருந்து. நீங்கள் திறந்து திறந்து பார்த்தால் காத்து உள்ளை போய் வினாகிரியாகிவிடும்."

"எத்தினை மாதம்?"

"தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்றாள் சாம்பவி.

திறக்காமல் இருப்பது லேசாயில்லை. பேஸ்மென்ட் படியில் உட்கார்ந்து அவர் சாடியையே பார்ப்பார். பக்கத்தில் இரண்டு கதிரைகள் கிடந்தன. ஒன்றிலும் உட்காரப் பிடிக்கவில்லை. பனி வந்து யன்னலை மூடியது. பிறகு உருகியது.

வசந்தத்தில் அவர் கொண்டுவந்த பியர் தெளிந்திருந்தது. நூலைக் காணவில்லை.

சாம்பவி ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினாள். நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தது போல, புளிப்புக்குப் பின்னால் ஒரு இனிப்பு.

"நல்லா வந்திருக்கு, அண்ணை."

"இன்னும் கொஞ்சம் கிடக்கட்டோ?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "கிடக்கட்டும்."

கோடையில் வந்தார். "இன்னும் கிடக்கட்டோ?"

"கிடக்கட்டும்."

இலை உதிரத் தொடங்கியதும் திரும்ப வந்தார். "கிடக்கக் கிடக்கத்தான் நல்லது எண்டு சொல்லுறாங்கள், ரீச்சர்."

இந்த முறை சாம்பவி ருசி பார்க்கவில்லை. கோட்டை மாட்டினாள்.

"வாங்கோ, போவம்."

பேஸ்மென்ட்டில் சாடியைத் திறந்து, குழாய் விட்டு, இரண்டு கிளாஸ் நிறைய எடுத்தாள். ஒன்றை அவர் முன் வைத்தாள். மற்றதை மேசையின் அந்தப் பக்கம் வைத்தாள்.

"எடுங்கோ, ரீச்சர்" என்றார்.

"நான் கார் ஓட்டவேணும்."

"அப்ப உது ஆருக்கு?"

சாம்பவி படியில் போய் உட்கார்ந்தாள்.

நவரத்தினம் அந்த கிளாஸைப் பார்த்தபடி இருந்தார். பிறகு போனை எடுத்தார்.

"ரீச்சர், என்ன சொல்லுறது?"

"எனக்கு பியர் மட்டும்தான் தெரியும், அண்ணை."

மணி அடித்தது. அந்தப் பக்கம் எடுத்தார்கள். ஹலோ இல்லை. டிவிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

நவரத்தினம் தொண்டையைச் செருமினார்.

"உனக்கு ஊத்தி வைச்சிருக்கு."

அந்தப் பக்கம் கதிரை நகர்வது கேட்டது.

"கதவைத் திறந்து வை" என்றார் குலசிங்கம். "சப்பாத்து போடுறன்."