மேனேஜர் கேட்ட ஏ, பி, சி வரிசை

திருப்பூர்ப் பனியன் கம்பெனி மேனேஜர் சிகாமணிக்கு எல்லாமே வரிசையாக இருக்கவேண்டும். "கீபோர்டு ஏன் இப்படிக் கலைஞ்சு கெடக்குது? ஏ, பி, சி வரிசையில மாத்து. இல்லீன்னா வேலையை விட்டுப் போ" என்று டைப்பிஸ்ட் கனகவல்லியை விரட்டினார். அவளும் மேலே எழுத்துள்ள பட்டன்களை மட்டும் கழற்றி அந்த வரிசையிலேயே மாட்டிவிட்டாள்.

மறுநாள் முதலாளியம்மா வந்தார். "லெட்டரெல்லாம் நானே அடிக்கிறேனுங்க. இவ சம்பளம் தண்டமுங்க" என்றார் சிகாமணி.

கனகவல்லி நாற்காலியை விட்டு எழுந்தாள். "சார் ஒரு வரி அடிச்சுக் காட்டட்டுங்கம்மா."

சிகாமணி தன் பெயரைத் தேடித் தேடி அடித்தார். திரையில் கண்ட கண்ட எழுத்துகள் வந்தன. "கீபோர்டு கெட்டுப்போச்சுங்க" என்றார்.

கனகவல்லி கீழே பார்க்காமலே அதே பெயரைச் சுத்தமாக அடித்தாள்.

"அம்மிணி, உனக்கு மட்டும் எப்படி வருது?" என்றார் முதலாளியம்மா.

"சார் மேல இருக்கற எழுத்தைத்தான் மாத்தச் சொன்னாருங்கம்மா. அடியில இருக்கற சுவிட்சுக்கு இன்னும் ஆர்டர் போடலீங்க."