சங்கிலி ஜெபத்தில் ஏழு பேர்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. வயிறு வலிக்கும். ஆனால் இப்போதே கிடைக்காது. முதலில் செல்வின்துரையின் கவலையைக் கேளுங்கள்.

செல்வின்துரை திருவிழா மேடைகளில் பலகுரல் பேசுகிறவர். வயது நாற்பத்தைந்து. ஜெயசீலி டீச்சரிடம் வேதபாடம் படிக்கச் சேர்ந்து மூன்று மாதம். டீச்சருக்கு முப்பதுகூட ஆகவில்லை. வருகிற ஞாயிறு செல்வின்துரைக்கு ஞானஸ்நானம். அதற்குள் ஊரைவிட்டு ஓடிவிடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“டீச்சர், குரல் மாத்திப் பேசுறதாலதான் எல்லாரும் என்னை வச்சிருக்காங்க. அதை எடுத்துட்டா நான் யாருமே இல்லை. ஆண்டவர் நேசிக்கிறது என்னையா, என் குரல்களையா?”

டீச்சர் வேதப்புத்தகத்தை மூடி வைத்தார்.

“நாளைக்குச் சங்கிலி ஜெபம் அண்ணே. ஒருத்தர் முடிக்க முடிக்க அடுத்தவர். நடுவுல அறுந்துடக் கூடாது. நீங்க ஜெப அறைக்குள்ள உட்காருங்க. நான் வாசல்ல இருந்து பேர் கூப்பிடுறேன். வர்றவங்க பின்கதவு வழியா வருவாங்க.”

மறுநாள் காலையில் கொட்டுகிற மழை. சாத்திய கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து டீச்சர் கூப்பிட்டார்.

“ரூபாவதி அக்கா!”

செல்வின்துரை பின்கதவைப் பார்த்தார். ஈ காக்கை இல்லை. முதல் ஆளிலேயே சங்கிலி அறுந்தால்? நாக்கு சும்மா இருக்குமா?

“வந்துட்டேன் தாயி! ஸ்தோத்திரம் ராசா, ஸ்தோத்திரம்! மருமவ கொழம்புல உப்பே போடமாட்டேங்கிறா ஆண்டவரே, அவ கையைத் தொடும்!”

வெளியே, “ஆமென்!”

நம்பிவிட்டார்! செல்வின்துரைக்குத் தலைகால் புரியவில்லை.

இன்னும் சிரிக்காதீர்கள். அந்தச் சிரிப்பு இதுவல்ல.

“கண்டக்டர் யோபு அண்ணாச்சி!”

“ஆண்டவரே, எல்லாரையும் ஏத்திக்கிடும்! படியில தொங்குறவனைக்கூட எறக்கி விட்டுறாதேயும்! போலாம் ரைட்!”

“ஆமென்!”

பிறகு ஞானாபரணம் ஐயா வந்து ஆண்டவருக்கே உத்தரவு போட்டார். பொய்ப்பல் கம்பவுண்டர் விசிலடித்துக்கொண்டே அழுதார். இரட்டைச் சகோதரிகள் ஒருத்தி பேச்சில் ஒருத்தி புகுந்து ஜெபித்தார்கள். எந்த மேடையிலும் செல்வின்துரை அப்படிச் செய்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் வெளியே ஒரு பலத்த ஆமென். ஆறு பேர் முடிவதற்குள் தொண்டை கட்டிவிட்டது.

அப்போதுதான் அடுத்த பேர் வந்தது.

“செல்வின்துரை!”

செல்வின்துரை சபை பாஸ்டரின் குரலை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. யார் குரலும் வரவில்லை. மிச்சம் இருந்தது கரகரவென்று ஒரு சத்தம்தான்.

“ஆண்டவரே... நான்தான். காலையில இருந்து வந்தது எல்லாமே நான்தான். என்னை வேண்டாம்னு சொல்லிடாதேயும்.”

ஆமென் வரவில்லை. கதவு திறந்தது. டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் நீர்.

“மழை டீச்சர்... யாரும் வரலை... சங்கிலி அறுந்துடக் கூடாதேன்னு...”

“யார் வரணும்? அவங்க ஆறு பேரும் போன வாரமே ஜெபிச்சு முடிச்சாச்சே!”

“அப்ப இன்னிக்கு?”

“இன்னிக்கு முறை உங்களுக்கு மட்டுந்தான் அண்ணே. மத்த குரலெல்லாம் தீரட்டும்னுதான் அவங்க பேரைக் கூப்பிட்டேன். காலையில இருந்து ஆண்டவர் உங்களைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கார்.”