இந்த அம்பு எத்தனை முயல்?

குட்டைக் கரையில் ஒரு வில் கிடந்தது. அதைச் சுற்றி ஒரு குரங்கும், ஒரு முள்ளம்பன்றியும், ஒரு முயலும் உட்கார்ந்திருந்தன.

முந்தின நாள் வேட்டைக்கு வந்த ஒருவனைத் தேனீக்கள் துரத்தியிருந்தன. அம்புக்கூட்டைத் தோளில் சுமந்தபடியே அவன் ஓடிவிட்டான். வில் மட்டும் கீழே விழுந்துவிட்டது.

"இது தெய்வமாப் பார்த்து நமக்குக் கொடுத்தது!" என்றது குரங்கு. அதன் பெயர் செம்பன். "இன்னைக்கு அவன் வரட்டும், ஒரே அம்பு!"

அவன் என்றால் சிறுத்தை.

கரைக்கு மேலே ஈச்சம்புதர் ஓரமாக செவந்தி என்ற புள்ளிமான் நின்றிருந்தது. அதன் காலடியில் பிறந்து மூன்றே நாளான குட்டி படுத்திருந்தது. பாறை இடுக்கில் மாட்டி அதன் பின்னங்கால் பிசகியிருந்தது. எழுந்து நிற்க முடியவில்லை.

நேற்றுப் பொழுது சாயும் நேரத்தில் சிறுத்தை எதிர்க்கரைக்கு வந்தது. நிதானமாகத் தண்ணீர் குடித்தது. பிறகு தலையைத் தூக்கிச் சொன்னது.

"செவந்தி, குட்டிக்கு நடக்க முடியலை போலிருக்கே! இன்னைக்கு எனக்கு வயிறு நிறைஞ்சிருக்கு. நாளைக்கு இதே நேரத்துக்கு வரேன். நீ ஒதுங்கிப் போயிடு. உன்னை ஒண்ணும் செய்ய மாட்டேன்."

அது அதட்டவில்லை, உறுமவில்லை. பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவதுபோலச் சொல்லிவிட்டுப் போனது. ராத்திரி முழுக்க அது கண் மூடவில்லை. குட்டியை நக்கிக்கொண்டே கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

விடிந்ததும் வில் கிடைத்தது.

அம்புக்கு மூங்கில் இருந்தது. முனைக்கு முள்ளம்பன்றி தன் முதுகிலிருந்தே ஒரு முள்ளைப் பிடுங்கிக் கொடுத்தது. முள்ளம்பன்றியை எல்லாரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"வலிக்கலையா அக்கா?" என்று கேட்டது செம்பன்.

"குட்டிக்கு வலிக்கறதை விடவா? நீ வேலையைப் பாரு!"

செம்பன் ஒரு குச்சியின் நடுவில் நார் கட்டித் தொங்கவிட்டது. இரண்டு முனையிலும் தேக்கிலைத் தொன்னை கட்டியது. தராசு ஆயிற்று. ஒரு தொன்னையின் மேல் அம்பைக் கிடத்தி, மற்றதில் குன்றிமணி போட்டது. இருநூறு குன்றிமணிக்குக் குச்சி சமமாக நின்றது.

"கனம் இருநூறு. இனி வேகம் பார்க்கணும்" என்றது செம்பன். "துள்ளா, வாப்பா!"

துள்ளன் என்பது முயலின் பெயர். அந்தக் காட்டில் வேகத்துக்கு முயல்தான் அளவு. ஓடை அரை முயல் என்பார்கள். ஆடிக் காற்று இரண்டு முயல் என்பார்கள். எது எவ்வளவு வேகம் என்று தெரிய வேண்டுமானால் துள்ளன் கூடவே ஓடிப் பார்த்துச் சொல்லும். அது சொன்னால் சொன்னதுதான். அதனால் துள்ளனுக்குக் காட்டில் தனி மரியாதை.

"சிறுத்தையோட பாய்ச்சல் ஒண்ணேகால் முயல்" என்றது செம்பன். "அம்பு அதைவிடக் கூடுதலா வரணும். குறைஞ்சா அவன் விலகிடுவான். நீ நிஜமா ஓடு, என்ன?"

"நான் என்னைக்குப் பொய்யா ஓடினேன்?" என்று துள்ளன் காதை நிமிர்த்திக்கொண்டது.

நாற்பது தாவல் தூரத்தில் ஒரு காட்டுவாழை. நடுவில் ஆளுயரப் புல். செம்பன் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் வில்லில் ஊன்றி, இரண்டு கைகளாலும் நாணை இழுத்தது. துள்ளன் பக்கத்தில் பதுங்கியது.

தொம்!

துள்ளன் பாய்ந்தது. புல் இரண்டாகப் பிளந்தது. ஆனால் அது பாதி தூரம் போவதற்குள் அம்பு சதக்கென்று வாழையில் இறங்கிவிட்டது!

துள்ளன் மூச்சு வாங்கிக்கொண்டு வாழையடியில் நின்றது. காற்றையும் சிறுத்தையையும் தவிர அதன் வாழ்நாளில் யாரும் அதை முந்தியதில்லை. இப்போது ஒரு மூங்கில் குச்சி முந்திவிட்டது. அம்பு மூன்று முயலுக்குக் குறையாது. சொன்னால், இனிமேல் 'அம்பு எத்தனை வேகம்' என்றுதானே பேசுவார்கள்? முயலை யார் கேட்பார்கள்?

"என்ன ஆச்சு?" என்று கத்தியது செம்பன். புல் மறைத்ததால் அதற்கு எதுவும் தெரியவில்லை.

"நான் வந்து நின்னு மூச்சு விட்டப்புறம்தான் உன் அம்பு வருது!" என்று கத்தியது துள்ளன். "முக்கால் முயல்!"

"முக்கால்தானா? அப்ப கனத்தைக் குறைக்கணும்."

ஊசியக்கா அம்பை எடுக்கப் போனது. அம்பு ஒரு சாண் உள்ளே போயிருந்தது. பல்லால் கடித்து, காலை ஊன்றி இழுத்துத்தான் பிடுங்க முடிந்தது.

செம்பன் மூங்கிலைக் கல்லில் தேய்த்து இளைத்தது. நூற்றைம்பது குன்றிமணி. மறுபடியும் எய்தது. அம்பு இன்னும் சீக்கிரமாகப் போய்ச் சேர்ந்தது.

"ஒரு முயல்!" என்றது துள்ளன்.

இன்னும் இளைத்தது. நூறு குன்றிமணி.

"ஒரு முயல்தான்! நான் இன்னைக்கு நல்ல ஓட்டத்துல இருக்கேன் போல!"

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. செவந்தி புதரிலிருந்து இறங்கி வந்தது.

"தம்பி துள்ளா, ஓடைக்கு அந்தப் பக்கம் யானைக் கூட்டம் நிக்குது. அவன் அங்க வர மாட்டான். இப்பக் கிளம்பினா, குட்டியை மூக்கால தள்ளித் தள்ளியாவது பொழுது சாயறதுக்குள்ள போய்ச் சேர்ந்துடுவேன். போகட்டுமா? இல்ல, அம்பு தயாராயிடுமா? நீ சொன்னா நான் நம்பறேன்."

உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். துள்ளனின் மூக்கு துடித்தது. ஆனால் செம்பனும் ஊசியக்காவும் பார்த்துக்கொண்டிருந்தன.

"எதுக்கு அலையறீங்க அக்கா? இன்னும் கொஞ்சம் இளைச்சா ஆச்சு. இங்கயே இருங்க."

செவந்தி தலையாட்டிவிட்டுக் குட்டியிடம் போனது.

ஊசியக்கா மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தது. "செம்பா, எனக்கு ஒண்ணு இடிக்குதுப்பா. முதல் அம்பை இழுக்கறதுக்குள்ள எனக்குப் பல்லே போச்சு. இப்ப எடுத்தது சும்மா தொட்டதும் கையோட வந்துடுச்சு. வேகம் கூடுதுன்னா ஆழமா இல்ல இறங்கணும்?"

"ஆமா, எனக்கும் கையெல்லாம் அதிருது. முதல்ல தொம்முனு சத்தம் வந்துச்சு. இப்ப வில்லு வீல்வீல்னு கத்துது."

"நகர்ந்து நகர்ந்து போறவங்களுக்கு வேகத்தைப் பத்தி என்ன தெரியும்?" என்று சீறியது துள்ளன். "அளக்கறது நானா, நீங்களா?"

ஊசியக்கா அம்பைச் செம்பனிடம் கொடுத்துவிட்டது. முயல் சொன்னால் சொன்னதுதானே!

அறுபது குன்றிமணிக்கு அம்பு நாணல் குச்சியாகிவிட்டது. செம்பன் நாணை இழுத்து விட்டது.

படார்!

செம்பன் மல்லாந்து விழுந்தது. வில்லின் மேல் பாதியில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். அம்பு எடுத்துக்கொள்ளாத பலமெல்லாம் வில்லுக்கே திரும்பிவிட்டது!

"ஐயோ! வில்லு போச்சே!"

விரிசல்மேல் நார் சுற்றி இறுக்கிக் கட்டின. செம்பன் மெதுவாக இழுத்துப் பார்த்தது. விரிசல் முனகியது.

"இன்னும் ஒரே ஒரு தடவைதான் தாங்கும்" என்றது செம்பன். "துள்ளா, இதாவது போதுமா? இந்த அம்பு எத்தனை முயல்?"

"ரெண்டு" என்றது துள்ளன், தரையைப் பார்த்துக்கொண்டு.

வெயில் மஞ்சளாக மாறியது. குட்டையில் தவளைகள் சட்டென்று சத்தத்தை நிறுத்தின.

எதிர்க்கரையில் சிறுத்தை வந்து நின்றது.

"சொன்ன நேரத்துக்கு வந்துட்டேன் பார்த்தியா செவந்தி?" என்றது. குட்டையைச் சுற்றி நடக்கத் தொடங்கியது. அவசரமே இல்லை.

செவந்தி நகரவில்லை. குட்டியைக் காலுக்கிடையில் மறைத்துக்கொண்டு நின்றது. துள்ளன் பக்கம் திரும்பி, "தம்பி சொல்லிட்டான் கண்ணு, பயப்படாதே" என்று குட்டியிடம் சொன்னது.

துள்ளனுக்கு அந்த வார்த்தை நெஞ்சில் தைத்தது.

செம்பன் அந்த நாணல் அம்பை நாணில் வைத்தது. இழுக்கப் போனது.

"விடாதே!" என்று அலறியது துள்ளன். "அது தோலைக்கூடத் துளைக்காது! நான் பொய் சொன்னேன்! முதல் அம்பே என்னை ஜெயிச்சிடுச்சு. மூணு முயல் வேகம். பாதி வழியிலேயே தோத்துட்டேன். உங்ககிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு!"

செம்பன் வாயைப் பிளந்தது. "அடப் பாவி! இப்பவா சொல்றது? இருநூறு குன்றிமணி அம்புக்கு நான் எங்க போவேன்?"

"மூங்கில் வெட்டு! அதுவரைக்கும் அவனை நான் பார்த்துக்கறேன்!"

சொல்லி முடிப்பதற்குள் துள்ளன் சிறுத்தையின் மூக்குக்கு நேராக ஓடியது.

"ஏய் புள்ளிப் பூனை! படுத்துக் கிடக்கறதைப் பிடிக்கறது ஒரு வேட்டையா? ஓடறதைப் பிடி பார்க்கலாம்!"

சிறுத்தை சிரித்தது. "உன்னைத் தின்னா என் பல்லிடுக்குக்குக்கூடக் காணாது, போடா!" என்று மேலே நடந்தது.

துள்ளன் திரும்பி வந்து, பின்னங்காலால் ஒரு கல்லை எற்றியது. அது சிறுத்தையின் கண்ணுக்குக் கீழே பட்டது. அவ்வளவுதான், சிறுத்தை பாய்ந்தது.

இங்கே செம்பன் மூங்கிலைப் பல்லால் கடித்து ஒடித்தது. ஊசியக்கா இன்னொரு முள்ளைப் பிடுங்கிச் செருகியது.

"தராசு எங்க? எண்ணணுமே!"

"எண்ண நேரமில்லப்பா, இப்படிக் கொடு!" ஊசியக்கா அம்பைப் பல்லில் கவ்விப் பார்த்தது. முதல் அம்பை அந்தப் பல்தானே சுமந்து வந்தது! "கொஞ்சம் கனம். அடியில ஒரு விரல் ஒடி. இன்னும் கொஞ்சம். போதும்! இதுதான்!"

துள்ளன் புதரைச் சுற்றியது, பாறையைச் சுற்றியது. ஒண்ணேகால் முயல் என்றால் என்ன என்று அதற்கு அப்போதுதான் நிஜமாகத் தெரிந்தது. ஒவ்வொரு பாய்ச்சலிலும் இடைவெளி குறைந்தது. ஒரு நகம் முதுகைக் கிழித்தது. துள்ளன் உருண்டது. சிறுத்தை அதன்மேல் முன்னங்காலைத் தூக்கியது.

தொம்!

சத்தம் பெரிதாக இல்லை. அம்பு சிறுத்தையின் தோளில் பாதிவரை இறங்கிவிட்டது. செம்பனின் கையில் வில் இரண்டு துண்டாகத் தொங்கியது.

சிறுத்தை ஒரு கணம் தன் தோளையே பார்த்தது. பிறகு அலறியது. மூன்று காலில் நொண்டிக்கொண்டு, குட்டையைத் தாண்டி, மேட்டைத் தாண்டி ஓடியது. அதன் அலறல் தேய்ந்து தேய்ந்து அடங்கியது. அதற்குப் பிறகு அது அந்தப் பக்கமே வரவில்லை.

துள்ளன் ரத்தம் வழிய நொண்டிக்கொண்டு வந்தது. செவந்தியின் முன்னால் நின்றது.

"அக்கா, என்னை மன்னிச்சிடுங்க. கடைசியில நான்தானே அவன்கூட ஓடினேன்?"

செவந்தி குனிந்து அதன் முதுகுக் காயத்தை நக்கிவிட்டது. பிறகுதான் பேசியது.

"ஓடினே தம்பி. அதுக்கு நான் கையெடுத்துக் கும்பிடறேன். ஆனா மத்தியானம் நான் வந்து கேட்டேனே, அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நீயும் ஓட வேண்டாம், நானும் சாவைப் பார்த்துக்கிட்டு நின்னிருக்க வேண்டாம். உன் மானம் போகக்கூடாதுன்னு என் குட்டியை இல்ல பணயம் வச்சுட்டே!"

குட்டி மட்டும் எதுவும் தெரியாமல் தாயின் மடியைத் தேடி முட்டிக்கொண்டிருந்தது.

பிள்ளைகளே, அளந்து சொல்லும் பொறுப்பில் இருப்பவர் தன் பெருமையைக் காப்பாற்ற அளவை மாற்றிச் சொன்னால், அந்தச் சொல்லை நம்பி நிற்பவரின் உயிருக்குத்தான் அது ஆபத்தாய் முடியும்.