பஞ்சாரத்துக்குள் குருவிக் குஞ்சுகள்

விடியும்போது மடத்துக் கொல்லையில் மூன்று குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. வெயில் ஏறியபோது இரண்டின் சத்தம்தான் கேட்டது.

மாசானம் குனிந்து பார்த்தார். ஒன்று கழுத்தைத் தொங்கவிட்டுக் கிடந்தது. அதன் அலகோரத்தில் பால் காய்ந்திருந்தது. அவர் பாலாடைச் சங்கில் புகட்டிய பால்.



அந்த மடத்தின் குரு குழைக்காதம்மைக்கு வயது நாற்பது. சீடர் மாசானத்துக்கு அறுபத்தாறு. இதைச் சொல்லிச் சிரித்தவர்கள் ஊரில் உண்டு. அத்தனை பேரின் பெயரும் மாசானத்துக்கு மனப்பாடம்.

காலையில் எலுமிச்சைச் செடியின் அடியில் அவர்தான் குஞ்சுகளைப் பார்த்தார். தவிட்டுக்குருவிக் குஞ்சுகள். இறகு முளைத்திருந்தது, வால் வளரவில்லை. தத்தின, விழுந்தன, கத்தின. தாயைக் காணோம்.

நாற்பது வருடம் கோழி வளர்த்தவர் அவர். தாயில்லாக் குஞ்சுக்கு என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மூன்றையும் கோழி அடைக்கும் மூங்கில் பஞ்சாரத்தைப் போட்டு மூடினார். நொய்யரிசியை ஊறவைத்துத் தூவினார். ஒன்றும் கொத்தவில்லை. பாலைப் புகட்டினார். பிறகு கம்பை எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

மடத்துச் சமையல்காரி பிச்சம்மாள் தண்ணீர் எடுக்க வந்தவள் நின்றாள்.

"என்ன அண்ணாச்சி, குருவிக்கும் பஞ்சாரமா? முட்டை வச்சா எனக்கு ரெண்டு குடுங்க."

"உன் சோலியப் பாரு."

"சாமி கும்பிட வந்தீயளா, கோழி மேய்க்க வந்தீயளா?"

அவள் பெயரும் மனப்பாடப் பட்டியலில் சேர்ந்தது.

இப்போது ஒன்று செத்துக் கிடந்தது. மற்ற இரண்டும் வாயைத் திறந்தபடி நடுங்கின. மாசானம் எழுந்து ஓடிப்போய்க் குருவை அழைத்து வந்தார்.

குழைக்காதம்மை செத்த குஞ்சைக் கையில் எடுத்தார். முந்தானையால் அதன் அலகைத் துடைத்தார்.

"பால் குடுத்தீங்களா?"

"ஆமாம்மா."

"எந்தக் குருவி பால் குடிச்சுப் பாத்திருக்கீங்க?"

மாசானம் பஞ்சாரத்தைக் காட்டினார்.

"மிச்சம் ரெண்டும் போயிரும்மா. இதுகள நான் என்ன செய்யணும், சொல்லுங்க. பெத்தவ விட்டுட்டுப் போயிட்டா."

"போயிட்டான்னு யார் சொன்னா?"

"விடிஞ்சதுல இருந்து இந்த இடத்த விட்டு நான் அசையல. ஒருத்தி எட்டிப் பாக்கலியே! இவளுகள எனக்குத் தெரியும்மா. என்னையும் ஏழு வயசுல விட்டுட்டுப் போனா ஒருத்தி. எங்க அப்பாவுக்கும் அவளுக்கும் சண்டை, போயிட்டா. அப்பாதான் என்னைக் காப்பாத்தினாரு. வாசப்படியில கட்டிலப் போட்டு, கையில கம்போட ஆறு மாசம் காவல் இருந்தாரு. ஈ காக்கா உள்ள வரல. அவ வந்தாளா? வரவே இல்ல. இப்ப வள்ளியூர்ல படுத்த படுக்கையா கிடக்காளாம். ஒரு தடவ முகத்தக் காட்டச் சொல்லி ரெண்டு தரம் ஆள் விட்டுட்டா. எதுக்குப் போகணும்?"

குழைக்காதம்மை பஞ்சாரத்தைத் தூக்கி ஓரமாக வைத்தார். இரண்டு குஞ்சுகளையும் எடுத்து, முள் அடர்ந்த எலுமிச்சைச் செடிக்குள் ஒரு கிளையில் உட்கார வைத்தார்.

"உள்ள வாங்க," என்றார்.

"அய்யோ அம்மா! காக்கா கொத்திரும். சுவத்துக்கு அந்தாண்ட பூனை கிடக்கு."

"வாங்க."

"நான் மட்டும் இங்க ஒரு ஓரமா..."

"வாங்க ஐயா. கம்பையும் எடுத்துக்கிட்டு வாங்க."

அடுக்களை ஜன்னல் வழியாகக் கொல்லை தெரிந்தது. இருவரும் பின்னால் தள்ளி நின்றார்கள். அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த பிச்சம்மாளிடம் குழைக்காதம்மை சைகை காட்டினார். அம்மியும் நின்றது.

குஞ்சுகள் கத்தின. கொஞ்ச நேரத்தில் ஒன்று கத்துவதை நிறுத்தியது. பிறகு மற்றதும்.

முடிந்தது என்று நினைத்தார் மாசானம்.

ஒரு காகம் கிணற்றுச் சுவரில் வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்துச் செடியைப் பார்த்தது. முள்ளைக் கண்டதோ என்னவோ, பறந்துபோனது.

அது உட்கார்ந்திருந்த இடத்தில் பூனை ஏறியது.

சாம்பல் பூனை. அவசரமே இல்லாமல் இறங்கியது. வயிறு மண்ணில் உரச, செடியை நோக்கி ஓரடி வைத்தது. இன்னோர் அடி வைத்தது. செடிக்குள் ஒரு குஞ்சு மெல்லக் கத்தியது.

மாசானம் பாய்ந்தார். குழைக்காதம்மை அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை சில்லென்று வேர்த்திருந்தது. குருவுக்கும் பயம்தான் என்று மாசானத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் பயம் இரண்டு மடங்காயிற்று.

பூனை முன்காலைத் தூக்கியது.

மேலே, பக்கத்து வேப்பமரத்திலிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது. பழுப்பாக ஒன்று விழுந்த மாதிரி இறங்கியது. பின்னாலேயே இன்னொன்று. ஏழு தவிட்டுக்குருவிகள் பூனையைச் சுற்றிக்கொண்டன. சிறகை விரித்து, கத்தி, முதுகில் கொத்தி, வாலைப் பிடித்து இழுத்தன. பூனை ஒரு தடவை சீறியது. பிறகு காதை மடக்கிக்கொண்டு சுவரேறி ஓடியது.

எட்டாவதாக ஒன்று தனியாக இறங்கி வந்தது. அதன் அலகில் ஒரு பச்சைப் புழு இருந்தது. இப்போது பிடித்த புழு இல்லை, வாடித் தொங்கியது. அது செடிக்குள் நுழைந்தது. இரண்டு குஞ்சுகளும் ஒன்றாகக் கத்தின.

மாசானம் குருவிடம் திரும்பினார்.

"இது எங்கம்மா இருந்துச்சு இவ்வளவு நேரமா?"

பிச்சம்மாள் அம்மிக் குழவியைப் பிடித்தபடியே சொன்னாள்.

"வேப்பமரத்துல காலையில இருந்து ஒரே கூப்பாடு அண்ணாச்சி, உங்க காதுல விழலியா? பாம்பக் கண்டாத்தான் இதுக அப்படிக் கத்தும். நானும் பயந்து போயி எட்டிப் பாத்தேன். பாம்பக் காணோம். நீங்கதான் கம்போட உக்காந்திருந்தீய."

மாசானம் அவளைப் பார்த்தார். திட்ட வாய் வரவில்லை. செத்த குஞ்சு ஜன்னல் திண்டில் வாழையிலைத் துண்டின் மேல் கிடந்தது. அதையும் பார்த்தார். வெளியே எட்டாவது குருவி அடுத்த புழுவோடு திரும்பி வந்தது.

மாசானம் சண்டைக்கு நிற்பவர் மாதிரி கேட்டார்.

"குருவிகூட வந்துட்டும்மா. என்னைப் பெத்தவ ஏன் வரல?"

குழைக்காதம்மை அவர் மணிக்கட்டை விட்டார்.

"உங்க அப்பா கட்டில எங்க போட்டிருந்தாருன்னு சொன்னீங்க?"

"வாசப்..." என்று தொடங்கினார் மாசானம்.

கம்பு இன்னும் அவர் கையில்தான் இருந்தது.